வைரத்தில் என்வி மையங்களை நூல் பிடித்தாற்போல் நிறுத்துவது எப்படி

இதில் வேலை இரண்டு. வைரம் வளரும்போதே அதற்குள் உருவாகும், காந்தப்புலத்தை அளக்க உதவும் என்வி மையங்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்கும்படி செய்வது ஒன்று. அப்படி நிற்கிற அச்சுக்கு நேராக வெளிக் காந்தத்தைக் கொண்டுவந்து நிறுத்துவது இன்னொன்று. நான் வைரம் வளர்ப்பவள் இல்லை. வளர்ந்து வரும் தகடுகளை ஒளியியல் மேசையில் பொருத்தி, அளந்து, தேறுமா தேறாதா என்று சொல்வது என் வேலை. அதனால் முதலாவதைத் தகடு தேர்ந்தெடுப்பவருக்குத் தேவையான அளவுக்கும், இரண்டாவதை விலாவாரியாகவும் எழுதுகிறேன்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கார்பன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நைட்ரஜன் உட்கார்ந்து, அதை ஒட்டிய இடம் காலியாக இருந்தால் அந்த ஜோடிதான் என்வி (நைட்ரஜன்-வேகன்சி) மையம். நைட்ரஜனைச் சுற்றி நான்கு இடங்கள் உண்டு. காலியிடம் அவற்றில் எதுவாகவும் இருக்கலாம். ஆகவே அச்சுகள் நான்கு, எந்த இரண்டுக்கும் இடையே 109.47 டிகிரி. 532 நானோமீட்டர் பச்சை லேசர் பட்டால் மையம் 637-இலிருந்து 800 நானோமீட்டர் வரை சிவப்பாக ஒளிரும். கூடவே 2.87 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் கொடுத்தால் அந்த ஒளிர்வு சற்றுக் குறையும். வரைபடத்தில் ஒரு பள்ளம் தெரியும். காந்தப்புலம் வந்தால் பள்ளம் இரண்டாகப் பிரிந்து விலகும். அச்சின் திசையில் 1 மில்லிடெஸ்லா புலம் இருந்தால் இந்தப் பக்கம் 28, அந்தப் பக்கம் 28 மெகாஹெர்ட்ஸ். இதைத்தான் ஓடிஎம்ஆர் (ஒளியால் கண்டறியும் காந்த ஒத்ததிர்வு) என்கிறோம். இனி வருவதெல்லாம் இந்தக் கோடுகளின் கதை.

சாதாரணத் தகட்டில் நான்கு திசைக்கும் கால் பங்கு மையங்கள் இருக்கும். ஒரு திசையின் கோட்டை வைத்து அளக்கும்போது மற்ற முக்கால் பங்கும் சும்மா ஒளிர்ந்துகொண்டு பின்னணி இரைச்சலைத்தான் கூட்டும். தனி மையத்தில் 30 சதவீதம் வரை கிடைக்கிற பள்ளத்தின் ஆழம், கூட்டமாக அளக்கும்போது ஒரு சில சதவீதத்துக்கு இறங்கிவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எல்லாம் ஒரே பக்கம் நின்றால் அதே ஒளியில் நான்கு மடங்கு வரை ஆழம் கூடும்.

ஒன்றை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். உங்களுக்குப் புலத்தின் அளவோடு திசையும் வேண்டுமென்றால் இந்தப் பாடு எதுவும் படாதீர்கள். நான்கு அச்சுகளும் சமமாக உள்ள (100) தகடுதான் அதற்குச் சரி. (100), (110), (111) போன்ற எண்கள் படிகத்தின் எந்த முகம் மேலே இருக்கிறது என்பதைக் குறிப்பவை. நான்கு கோட்டு ஜோடிகளிலிருந்தும் திசையைக் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். ஒரே அச்சில் நிறுத்திய தகட்டை வாங்கிவிட்டு, "திசை எப்படித் தெரியும்?" என்று அப்புறம் கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தகடு எந்த முகத்தில் வளர்ந்தது?

மையங்கள் எந்தப் பக்கம் பார்க்கும் என்பதைத் தீர்மானிப்பது படிகம் வளர்ந்த முகம். (100) முகத்தில் மைக்ரோவேவ் பிளாஸ்மாவில் வளர்த்தால் நான்கு அச்சுகளும் மேற்பரப்பின் செங்குத்துக்கு 54.7 டிகிரியில் சாய்ந்திருக்கும். வளரும் பரப்புக்கு நான்குமே ஒன்றுதான், அதனால் பாகுபாடு வராது. (110) முகத்தில் இரண்டு அச்சுகள் பரப்பிலேயே படுத்திருக்கும், மற்ற இரண்டு செங்குத்துக்கு 35.3 டிகிரியில் எழுந்து நிற்கும். மையங்கள் எழுந்து நிற்கும் இரண்டைத்தான் விரும்புகின்றன என்று 2012-இல் காட்டினார்கள். (111) முகத்தில் ஓர் அச்சு நேர் செங்குத்து. 2014-இல் ஜப்பானிலும் ஜெர்மனியிலும் பிரான்சிலும் இருந்த குழுக்கள் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் இதைச் செய்து காட்டின: நூற்றுக்குத் தொண்ணூற்றேழு, அதற்கு மேலும்கூட, அந்த ஒரே அச்சில்.

காரணம் எளிது. (111) பரப்பில் வந்து சேரும் நைட்ரஜன் கீழேயுள்ள மூன்று கார்பன்களைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு நேர் மேலே வர வேண்டிய கார்பன் வராமலே அடுத்த அடுக்கு சுற்றிலும் மூடிவிடும். கீழே நைட்ரஜன், மேலே காலியிடம் என்று ஜோடியாகவே பிறக்கிறது. காலியிடம் எங்கிருந்தோ அலைந்து வந்து ஒட்டிக்கொள்வதில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் வளர்த்தவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது தானாகவே தெரியும். முதல் கேள்வி: வளர்த்த பிறகு எலெக்ட்ரான் கதிர் அடித்தீர்களா? வளரும்போது பிறக்கும் மையங்கள் குறைவு; உள்ளே போன நைட்ரஜனில் மிகச் சிறு பங்குதான் என்வி ஆகிறது. எண்ணிக்கையைக் கூட்டக் கதிர் அடித்து, 800 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்குவது வழக்கம். அப்போது காலியிடங்கள் அலைந்து திரிந்து நைட்ரஜனை எந்தப் பக்கத்திலிருந்தும் பிடிக்கும். எண்ணிக்கை ஏறும், ஒழுங்கு போய்விடும். இரண்டும் ஒருசேர வேண்டுமென்று கேட்பது வீண்.

இரண்டாவது கேள்வி அடித்தகடு பற்றி. (111) படலத்தைப் பெரும்பாலும் உயர் அழுத்தத்தில் செய்த மஞ்சள் நிற அடித்தகட்டின் மேல்தான் வளர்க்கிறார்கள். அந்த அடித்தகட்டில் நைட்ரஜன் நிறைய. அதிலுள்ள என்வி மையங்கள் நான்கு பக்கமும் சிதறி நிற்கும். மேலே மெல்லிய படலம் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் கீழிருந்து வரும் ஒளி கலந்தால் கணக்குக் கெடும். ஒரே ஆழத்திலிருந்து வரும் ஒளியை மட்டும் எடுக்கும் கன்ஃபோகல் அமைப்பு இருந்தால் ஆழத்தைப் பிரித்துப் பார்க்கலாம். இல்லையென்றால் அடித்தகட்டை நீக்கிய படலமாகக் கேளுங்கள். ஆனால் இதே அடித்தகடு பின்னால் நமக்குக் கைகொடுக்கப் போகிறது, அதையும் சொல்கிறேன்.

மூன்றாவதாக, மேற்பரப்பு எத்தனை டிகிரி சாய்த்து வெட்டப்பட்டது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். (111) முகம் மெருகேற்றக் கடினமானது. இரட்டைப் படிகம் முளைக்காமல் படிப்படியாக வளர வேண்டுமென்று வேண்டுமென்றே சில டிகிரி சாய்த்து வெட்டுவார்கள், மீத்தேனையும் மிகக் குறைவாகவே விடுவார்கள். அந்தச் சில டிகிரிதான், தகட்டின் செங்குத்துக்கு நேராகக் காந்தத்தை வைத்தும் கோடுகள் ஏன் ஒட்டமாட்டேன் என்கின்றன என்பதற்கு விடை.

இடையில் ஒரு வழியும் உண்டு. (113) முகத்தில் அச்சு 29.5 டிகிரி சாய்ந்திருக்கும். ஒழுங்கு நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவு. ஆனால் (111)-ஐவிட வளர்ப்பது எளிது, தடிமனாகவும் வளர்க்கலாம். தடித்த படலம் தேவைப்படுகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

முதலில் ஆன்டெனாவைப் பாருங்கள்

எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த மாணவி ஒருத்தி (111) தகடு ஒன்றைப் பொருத்தி, ஓடிஎம்ஆர் ஓட்டிவிட்டு வந்து, "அக்கா, இந்தத் தகடு தேறாது. செங்குத்தா நிக்கிற மையமே இதில இல்ல" என்றாள். வரைபடத்தில் 2.87-ஐ ஒட்டி நெருக்கமாக இரண்டு நல்ல பள்ளங்கள். வெளியே, நேர் அச்சுக்கான கோடுகள் வர வேண்டிய இடத்தில், இரைச்சலோடு இரைச்சலாக ஏதோ ஒரு சுளிவு. தகட்டின் மேல் அவள் வைத்திருந்தது (100) தகடுகளுக்கு நாங்கள் வழக்கமாக வைக்கும் செப்பு வளையம்.

வளையத்தின் நடுவில் மைக்ரோவேவின் காந்தப்புலம் தகட்டுக்குச் செங்குத்தாக இருக்கும். மையத்தின் ஸ்பின்னை, அதாவது அதிலுள்ள எலெக்ட்ரான்களின் குட்டிக் காந்தத்தை, புரட்டுவது அச்சுக்குக் குறுக்கே உள்ள மைக்ரோவேவ் மட்டுமே. (100) தகட்டில் எல்லா அச்சும் 54.7 டிகிரி சாய்ந்திருப்பதால் வளையம் பழுதில்லாமல் வேலை செய்யும். (111)-இல் நமக்கு வேண்டிய அச்சும் வளையத்தின் புலமும் ஒரே திசை, ஒன்றும் நடக்காது. அதே நேரத்தில் சாய்ந்து நிற்கும் மற்ற மூன்றும் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கு வலுவோடு உலுக்கப்படும். நல்ல தகடு மோசமாகத் தெரிவதற்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு கிடையாது.

வளையத்தை எடுத்துவிட்டு நேரான மெல்லிய செப்புக் கம்பி ஒன்றைத் தகட்டின் மேல் கிடத்தினோம். கம்பிக்கு நேர் கீழே புலம் தகட்டின் தளத்தில், கம்பிக்குக் குறுக்காக ஓடும். வெளிக் கோடுகள் எழுந்து நின்றன. அச்சிட்ட பட்டைக் கடத்தியும் சரிதான். எதுவானாலும் லேசர்ப் புள்ளி கடத்தியின் விளிம்பை ஒட்டியே இருக்கட்டும். பக்கவாட்டில் தள்ளிப் போகப் போகப் புலம் மறுபடி செங்குத்தாகத் திரும்பிவிடும்.

காந்தத்தைப் பொருத்துவது

தகட்டைத் தாங்கும் சட்டம், திருகு எல்லாம் பித்தளை, அலுமினியம், டைட்டானியம் என்று இருக்கட்டும். ஒரே ஓர் எஃகுத் திருகு பக்கத்தில் இருந்தால் போதும், புலம் கோணிக்கொள்ளும். நியோடிமியம் காந்தம் வலுவானது. ஆனால் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் அதன் புலம் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் இறங்கும். 5 மில்லிடெஸ்லாவில் அது ஏறத்தாழ 150 கிலோஹெர்ட்ஸ் நகர்வு. நீண்ட நேர அளவீட்டுக்குச் சமாரியம் கோபால்ட் காந்தம் மேல். சிறு காந்தத்தை ஒட்டி வைப்பதைவிடப் பெரிய காந்தத்தைத் தள்ளி வைப்பது நல்லது. புலம் சீராக இருக்கும், கோடு அகலாது. (111) தகட்டுக்கு நடுவில் துளையுள்ள வளையக் காந்தம் இன்னும் வசதி. ஒளி துளை வழியாகப் போய்வரும், காந்தத்தின் அச்சும் ஒளியின் அச்சும் ஒன்றாகவே இருக்கும்.

முதலில் 5 மில்லிடெஸ்லா அளவுக்குப் புலம் வரும்படி காந்தத்தைக் கொண்டு வாருங்கள். எல்லாம் சரியாகப் பொருந்தினால் என்ன தெரிய வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நேர் அச்சின் கோடுகள் 2730-இலும் 3010-இலும், மெகாஹெர்ட்ஸில். மற்ற மூன்று அச்சுகளுக்கும் புலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். அவை மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து 2832, 2926 பக்கத்தில் ஒரே ஜோடியாகத் தெரியும். இந்த ஜோடியின் நடுப்புள்ளி 2870-இல் இல்லாமல் 9 மெகாஹெர்ட்ஸ் மேலே இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். குறுக்குப் புலம் செய்யும் வேலை அது.

இங்கேதான் பலரும் வழி தவறுகிறார்கள். வெளிக் கோடுகள் இரண்டும் எவ்வளவு விலகுகின்றன என்று பார்த்து, அதிகபட்ச விலகல் வரும்வரை காந்தத்தை நகர்த்தும் திருகைத் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். கேட்டால் நியாயமாகத்தான் படும்: புலம் அச்சோடு ஒத்துப் போகும்போதுதானே விலகல் அதிகம்? ஆனால் விலகல் கோணத்தின் கொசைனைப் பின்பற்றும், கொசைனின் உச்சி தட்டையானது. ஒரு டிகிரி கோணல் இருந்தால் வெளிக் கோடு நகர்வது வெறும் 21 கிலோஹெர்ட்ஸ். கோட்டின் அகலமே அதைப்போல் பல மடங்கு. காந்தத்தின் வெப்ப நகர்வு வேறு. அதே ஒரு டிகிரிக்குச் சாய்ந்த மூன்றில் ஒரு கோடு 2.3 மெகாஹெர்ட்ஸ் வரை நகரும். நூறு மடங்குக்கு மேல். மலை உச்சியில் நிற்பவன் நாலடி தள்ளி நின்றாலும் உயரம் மாறாது. சரிவில் நிற்பவனுக்கு ஓரடியிலேயே தெரிந்துவிடும்.

ஆகவே கண் உள் ஜோடியில் இருக்கட்டும். கோணல் இருக்கும்போது அது மூன்றாகப் பிரிந்திருக்கும், அல்லது ஒன்றும் இரண்டுமாக. ஒன்று 2.3 மேலே போனால் மற்ற இரண்டும் 1.15 கீழே இறங்கும். மூன்றின் நகர்வையும் கூட்டினால் சுழிதான். திருகுகள் படிகத்தின் திசைகளோடு ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். காந்தத்தைக் கிடையாக நகர்த்தும் திருகை ஒரு சிறு அளவு திருப்பி மூன்று கோடுகளும் எவ்வளவு நகர்ந்தன என்று எழுதுங்கள். பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டுச் செங்குத்துத் திருகுக்கும் அதையே செய்யுங்கள். இந்த எண்களை வைத்து இரண்டு திருகையும் எவ்வளவு திருப்பினால் மூன்றும் ஒன்று சேரும் என்பதைப் பள்ளிக் கணக்கிலேயே போட்டுவிடலாம். மனம்போன போக்கில் திருப்பிக்கொண்டிருப்பதைவிட இது எவ்வளவோ மேல். மையத்தில் இருப்பது வழக்கமான நைட்ரஜன்-14 ஐசோடோப்பு என்றால் ஒவ்வொரு கோடும் 2.16 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் மும்மூன்றாகப் பிரிந்திருக்கும், நைட்ரஜன்-15 என்றால் சுமார் 3.05 இடைவெளியில் இரண்டிரண்டாக. மூன்று அச்சுகளும் சரியாக ஒட்டும்போது இந்தப் பிரிவு சுத்தமாகத் தெளியும். அதுதான் நிறுத்தச் சொல்லும் அடையாளம்.

தகடு மிக நன்றாக இருந்தால்

தொண்ணூற்றேழு சதவீதத் தகட்டில் ஒரு சங்கடம். சாய்ந்த மையங்களே கிட்டத்தட்ட இல்லை. நான் பார்க்கச் சொன்ன மூன்று கோடுகளும் இல்லை. வெளிக் கோடுகள் இரண்டின் சராசரியை வைத்துப் பார்க்கலாமே என்று தோன்றும், ஏனென்றால் குறுக்குப் புலம் அதை மேலே தள்ளும். 5 மில்லிடெஸ்லாவில் ஒரு டிகிரிக்கு அது 3 கிலோஹெர்ட்ஸ்தான் தள்ளும். 2.87 என்ற எண்ணே வெப்பத்துக்கு டிகிரிக்கு 74 கிலோஹெர்ட்ஸ் இறங்குவது. லேசர்ச் சூட்டிலேயே அந்த 3 காணாமல் போய்விடும்.

நான் செய்வது இது. கன்ஃபோகல் குவியத்தை இறக்கி அடித்தகட்டுக்குள் போகிறேன். படலமும் அடித்தகடும் ஒரே படிகத்தின் தொடர்ச்சி, அச்சுகள் அவையேதான். அங்கே நான்கு பக்கமும் மையங்கள் இருப்பதால் மூன்று கோடுகளும் கிடைக்கும். அங்கே பொருத்திவிட்டு மேலே படலத்துக்கு வந்தால் வேலை முடிந்தது. படலத்தில் தெரியாதது அடித்தகட்டில் பளிச்சென்று தெரியும்.

அடித்தகடு இல்லையென்றால் புலத்தை ஏற்ற வேண்டும். 30, 40 மில்லிடெஸ்லாவில் குறுக்குப் புலம் ஸ்பின் நிலைகளைக் கலக்கத் தொடங்கும், ஒளிர்வு மங்கும். மைக்ரோவேவை அணைத்துவிட்டு, ஒளிர்வு எங்கே அதிகம் என்று பார்த்துக்கொண்டே திருகுங்கள். பிரகாசமான இடம்தான் அச்சு. காந்தத்தை நெருக்கும்போது அது பக்கவாட்டில் நகராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். நகர்ந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கடைசிச் சோதனை 51 மில்லிடெஸ்லா பக்கத்தில். அங்கே, லேசர் பட்டு மையம் ஏறும் கிளர்ந்த நிலையின் இரண்டு மட்டங்கள் நெருங்கி வருவதால், லேசர் அடிக்க அடிக்க நைட்ரஜன் அணுக்கருவும் ஒரே நிலைக்குப் போய்ச் சேரும். நைட்ரஜன்-15 தகட்டில் இரட்டைக் கோடு ஒற்றையாகும். கோணல் இருந்தால் இது நடக்காது, அல்லது இரண்டாவது கோடு குட்டையாக ஒட்டிக்கொண்டே நிற்கும். இந்தப் புலத்தில் கீழ்க் கோடு 1.44 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கியிருக்கும். உங்கள் மைக்ரோவேவ் பெருக்கி அவ்வளவு கீழே வேலை செய்யுமா என்று முன்பே பார்த்துவிடுங்கள், 2.5-க்குக் கீழே செத்துப்போகிற பெருக்கிகளும் உண்டு.

ஒழுங்கு எத்தனை சதவீதம்?

தகட்டோடு வரும் தாளில் எழுதியிருப்பதை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. சிதறிய தகட்டில் நேர் அச்சுக்கும் மற்றவற்றுக்கும் கோட்டுப் பரப்பு 1-க்கு 3 என்று வர வேண்டும் என்று பாடம் சொல்லும். மேசையில் அப்படி வராது. மேலிருந்து விழும் லேசர், நேர் அச்சு மையத்தை முழுதாகத் தூண்டும். சாய்ந்தவற்றைச் சராசரியாக அதில் 56 சதவீதம்தான் தூண்டும். மைக்ரோவேவும் நான்கையும் ஒரே வலுவோடு உலுக்குவதில்லை. அதனால் கதிர் அடித்துச் சூடாக்கிய, ஒழுங்கில்லாத (111) தகடு ஒன்றைக் கையோடு வைத்திருக்கிறேன். அதே கம்பி, அதே லேசர்த் திறன், அதே புலம். அதில் என்ன விகிதம் வருகிறதோ அதை 1-க்கு 3 என்று வைத்துக்கொண்டு புதுத் தகட்டின் விகிதத்தைத் திருத்துகிறேன்.

லேசரின் முனைவாக்கத்தை அரையலைத் தகட்டால் சுழற்றிப் பார்ப்பது இன்னொரு பழக்கம். நேர் அச்சு மையத்தின் ஒளிர்வு சுழற்றினாலும் மாறாது, சாய்ந்தது ஏறி இறங்கும். இது தனித்தனியாகத் தெரியும் மையங்களுக்கு மட்டுமே பொருந்தும். கூட்டமாகப் பார்க்கும்போது சாய்ந்த மூன்றும் 120 டிகிரி இடைவெளியில் நிற்பதால் ஒன்றின் இறக்கத்தை மற்றவை ஈடுகட்டிவிடும். முழுக்கச் சிதறிய தகட்டிலும் ஒளிர்வு அசையாது. அதைப் பார்த்து "ஒழுங்கான தகடு" என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

எல்லாம் ஒத்துவந்த பிறகு திருகுகளைப் பூட்டுவீர்கள். பூட்டும்போதே காந்தம் இம்மி அசையும். லேசரை எரியவிட்டு அரைமணி நேரம் தகடு சூட்டில் நிலைக்கட்டும். பிறகு உள் ஜோடியை மறுபடி ஓட்டிப் பாருங்கள். நான்கு கோடுகளின் எண்கள், லேசர்த் திறன், தகட்டின் எந்த விளிம்பு எந்தப் பக்கம் இருந்தது என்பது வரை குறிப்பேட்டில் ஏற்றுங்கள். விளிம்பு தெரியாமல் தகட்டை எடுத்து மறுபடி வைத்தால், மூன்று கோடுகளில் எது எந்த அச்சு என்பதை முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.